அதிபாரம்: காஞ்சித் தறியும் இல்லறத்தார் நோன்பும்

காஞ்சி மாநகரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி எனப் பகுத்துரைப்பது நெடுநாளைய வழக்கு. ஏகாம்பரநாதர் கோயிலைச் சூழ்ந்த பெரிய காஞ்சிபுரம் சிவகாஞ்சி. வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரம் விஷ்ணுகாஞ்சி. வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் நம் ஜினகாஞ்சி. வழிபாட்டால் வேறுபட்ட இம்மூன்று பகுதிகளையும் இணைத்து நிற்பது நூல். சின்ன காஞ்சியின் தெருக்களில் இன்றும் தறியோசை கேட்கிறது. நம் திருத்தலமோ தன் பெயரிலேயே பருத்தியைத் தாங்கி நிற்கிறது.

அப்பெயர் மிகப் பழைமையானது. பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் தந்தையாகிய சிம்மவர்மன், பருத்திக்குன்றில் எழுந்தருளியிருந்த நந்தி சங்கத்து வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. ஆகவே ஆறாம் நூற்றாண்டிலேயே இவ்வூர் நூலின் பெயராலும் நோன்பின் பெருமையாலும் அறியப்பட்டிருந்தது. பின்னர் விசயநகர அமைச்சரும் புஷ்பசேன முனிவரின் மாணாக்கருமான இருகப்பர் 1387-88இல் திரைலோக்கியநாதர் ஆலயத்தில் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக மலர்ந்தன. அவற்றை விரிவாக ஆராய்ந்து தி. நா. இராமச்சந்திரன் 1934இல் நூலாக வெளியிட்டார்.

நம் ஆலயங்களைப் பற்றியும் ஆசாரியர்களைப் பற்றியும் விழா மலர்கள் பல எழுதியுள்ளன. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் சற்று வேறானது. பிறருக்காக உழைப்பவரின் உடல் நலமும் மன நிறைவும் எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் தொழில் நிறுவனங்கள் ஆராயும் வினா. அவ்வினாவுக்கு நம் சிராவக அறம் கூறும் விடை யாது? அவ்விடையைக் காஞ்சித் தறியின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் என்ன புலப்படுகிறது?

ஆசாரியர் வகுத்த எல்லை

சமண மரபில் தொழில் தாழ்ந்ததன்று. கற்பக மரங்கள் மறைந்து மக்கள் வாழ வழியறியாது திகைத்தபோது, பகவான் விருஷபதேவர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது நம் புராணச் செய்தி. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம் இதனை விரித்துரைக்கிறது. தமிழில் ஸ்ரீபுராணம் வழியே நம் இல்லங்களை எட்டியது. கைத்திறத் தொழில் அனைத்தும் சிற்பத்துள் அடங்கும். நெசவும் அதனுள் ஒன்று. உயிர் வாழத் தொழில் தந்தவரே உயிர்க்கு ஊறு செய்யாத நெறியையும் தந்தார் என்பதால், தொழிலும் அகிம்சையும் ஒரே கையிலிருந்து பிறந்தவை என்று கொள்ளலாம்.

அவ்வகிம்சை இல்லறத்தானின் அன்றாட வாழ்வில் எங்கே மீறப்படுகிறது என்பதை நுணுக்கமாகச் சுட்டியவர் ஆசாரியர் சமந்தபத்திரர். காஞ்சியோடு தொடர்புடையவர் எனச் சமண மரபு போற்றும் இவர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் கருத்துகளையே நம் அருங்கலச்செப்பு குறள் வெண்பா நடையில் தமிழாக்கித் தருகிறது. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஆசாரியர் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். உறுப்புகளைச் சிதைக்கும் சேதனம், கட்டி வைக்கும் பந்தனம், வருத்தும் பீடனம், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றும் அதிபாராரோபணம், உணவைத் தடுக்கும் ஆகாரவாரணம் என்பன அவை.

இவ்வைந்தனுள் ஒன்றேனும் கொலையன்று என்பதைக் கருத வேண்டும். கொல்லாதவன் என்று தன்னைக் கருதிக்கொள்பவன் அறியாமலே வழுவும் இடங்கள் இவை. உரையாசிரியர்கள் பெரும்பாலும் எருதையும் குதிரையையும் எடுத்துக்காட்டாகக் காட்டுவர். ஆயினும் நமக்காகச் சுமப்பது எருது மட்டுமன்று. நம்மை நம்பி நம் சுமையை ஏற்கும் எவ்வுயிர்க்கும் இவ்விதி பொருந்தும்.

இன்னொரு செய்தி இதனினும் ஆழமானது. மிகுபொருளை வரையறுத்துக்கொள்ளும் பரிக்கிரக பரிமாண விரதத்துக்கு அதிசாரம் கூறும் இடத்திலும் சமந்தபத்திரர் இதே சுமையை மீண்டும் குறிக்கிறார். அளவு மீறி ஓட்டுதல், அளவு மீறிச் சேர்த்து வைத்தல், பிறர் ஆதாயம் கண்டு ஏங்குதல், பேராசை, அளவு மீறிச் சுமக்க வைத்தல் என்பன அங்கே கூறப்படும் ஐந்து. அதிபாரம் கொல்லாமையிலும் வருகிறது, பொருள்வரைதலிலும் வருகிறது. சுமப்பவன் பக்கம் நின்று பார்த்தால் அது இம்சை. சுமத்துபவன் பக்கம் நின்று பார்த்தால் அது பேராசை. ஒரே செயலுக்கு இரு பெயர்கள். இக்கருத்தைக் கையில் விளக்காகக் கொண்டு காஞ்சித் தறிக்குள் நுழைவோம்.

பொன்னும் பொறுப்பும் பெற்றிருந்த நெசவாளர்

காஞ்சி நெசவாளரின் பழைய நிலையைக் கூறும் சான்றுகளுள் சிறந்தது, இன்று சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழரின் செப்பேடு. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த அது, கச்சிப்பேட்டில் நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளைப் பற்றிப் பேசுகிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குரிய பொன்னை அக்குடியிருப்பினர் முதலாக ஏற்று வட்டி செலுத்தினர். கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசனுக்கு ஆடை நெய்தவர்களே கோயிற் கணக்கையும் பார்த்தனர். ஒருவர் கையில் பொன்னை நம்பிக் கொடுப்பது அவரை மதிப்பதன் அடையாளம்.

விசயநகரக் காலத்திலும் இம்மதிப்பு தொடர்ந்தது. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்க்குத் தண்டு ஏறும் உரிமையும் சங்கு ஊதும் உரிமையும் இருந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வேறு பகுதிகளின் கைக்கோளர், காஞ்சிபுரத்தாரைப் போலவே தமக்கும் அவ்வுரிமைகள் வேண்டும் எனக் கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நெசவாளர் வரலாற்றை ஆராய்ந்த விஜயா ராமசாமி இதனை எடுத்துக்காட்டியுள்ளார். அவர்கள் கேட்டது கூலி உயர்வு அன்று. ஊர் நடுவே தலை நிமிர்ந்து செல்லும் உரிமை. உழைப்பவரின் மனநிறைவுக்குக் கூலியோடு மரியாதையும் வேண்டும் என்பதை ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழக நெசவாளர் உணர்ந்திருந்தனர்.

முன்பணம் பந்தனமான வரலாறு

நெசவுக்கு முதலீடு வேண்டும். நூல் வாங்க வேண்டும். பாவு ஓடும் நாட்கள் முழுதும் குடும்பம் உண்ண வேண்டும். ஆகவே வணிகர் முன்பணம் கொடுப்பதும் நெசவாளர் துணியாகத் திருப்புவதும் தொன்றுதொட்டு வந்த முறை. இம்முறை தன்னளவில் தீயதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி எழுதிய பிரசன்னன் பார்த்தசாரதி, அக்காலத்தில் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது என்றும், வணிகர் நெருக்கினால் வேறு ஊருக்குப் பெயர்ந்து செல்லவும் அவர்களால் இயன்றது என்றும் காட்டுகிறார். விலகும் உரிமை இருந்தவரை முன்பணம் உதவியாகவே இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி வணிகனாக இருந்த நிலை மாறி ஆட்சியாளனாகவும் ஆனபோது இச்சமநிலை குலைந்தது. துணி வாங்குபவனே சட்டத்தையும் காவலையும் தன் கையில் வைத்துக்கொண்டதால், முன்பணம் பெற்றவன் விலக இயலாதவன் ஆனான். ஆட்சி மாறிய பின்னும், துணி மாறிய பின்னும், அவ்வழக்கத்தின் நிழல் தறிகளை விட்டு நீங்கவில்லை. பட்டு நெசவில் கூலி நெசவாளர் ஒரு முதலாளியிடம் முன்பணம் பெற்றால், அக்கடன் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது என்பது எழுதப்படாத விதியாயிற்று. மகள் திருமணம், மருத்துவச் செலவு, மழைக்காலத்தில் குழித்தறிக்குள் நீர் புகுந்து வேலை நின்ற வாரங்கள் என்று ஒவ்வொரு தேவையும் கடனைப் பெருக்கிற்று. கயிறு கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் ஆசாரியர் கூறிய பந்தனம் இதுவே. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் இந்தியாவில் இயற்றப்பட்டது.

கோர்வையும் குழந்தையின் கையும்

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் அமைய, இரண்டும் பிரியாதபடி ஊடை நூல்களைப் பின்னிக் கோத்து நெய்வது இம்முறை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. குழியில் கால் வைத்து மிதிக்கட்டையை இயக்கும் நெசவாளரால் மூன்றையும் தாமே கையாள இயலாது. ஆகவே மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கி வீச அருகே மற்றொருவர் அமர வேண்டும்.

அம்மற்றொருவர் பல தலைமுறைகளாகக் குழந்தையாகவே இருந்தார். நெசவாளர் வீட்டில் அது சொந்தப் பிள்ளை; வசதியுள்ள தறியில் அது பிறர் வீட்டுப் பிள்ளை, பெரும்பாலும் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அனுப்பப்பட்ட பிள்ளை. பிஞ்சு விரல்கள் நுண்ணிழைக்கு ஏற்றவை என்று இதற்கு நியாயமும் கற்பிக்கப்பட்டது. உண்மையில் வளர்ந்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சப்படுத்தவே குழந்தை அங்கு அமர்த்தப்பட்டது. பள்ளி செல்லும் வயதில் இருண்ட அறையில், தறியின் விளிம்பில், நாள் முழுதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளைகளின் எண்ணிக்கையை எந்தச் சேலையின் விலைச்சீட்டும் கூறுவதில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆயினும் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அதன் தடைக்கு வெளியே நின்றதால் வீட்டுத் தறிகளில் அதன் பயன் குறைவாகவே இருந்தது. 2003 ஜனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறாரைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. பள்ளிச் சேர்க்கை, மதிய உணவு, அரசின் கண்காணிப்பு, தொண்டு நிறுவனங்களின் முயற்சி, பெற்றோரின் கல்வி ஆர்வம் எனப் பல காரணங்கள் கூடி அந்நிலை பெரிதும் மாறியது. 2016இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது; ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு நீடித்தது.

இங்கே நாம் நிறுத்தி எண்ண வேண்டிய ஒன்று உண்டு. பட்டு என்றதும் நம் மக்கள் நினைப்பது புழுவை. கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுக்கையில் உள்ளிருக்கும் உயிர் மடிகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் தேவை. இக்காரணத்தால் பட்டை விலக்கிய பெரியோர் நம்முள் உண்டு. அந்துப்பூச்சி வெளியேறிய பின் நூற்கும் அகிம்சைப் பட்டை ஆந்திரக் கைத்தறித் துறையைச் சேர்ந்த குசுமா ராஜையா அறிமுகப்படுத்தியதும் இவ்வுணர்வை ஒட்டியே. புழுவின் உயிருக்கு இரங்கும் இவ்வுள்ளம் போற்றத்தக்கது. அதே உள்ளம் தறியின் மறுபக்கம் அமர்ந்திருந்த குழந்தையையும் கண்டிருக்க வேண்டும். ஓரறிவு, ஈரறிவு என்று உயிர்களை வகைப்படுத்திக் கற்ற நாம், ஐம்புலனும் மனமும் உடைய உயிரின் வருத்தத்தை விலை பேசும் இடத்தில் மறந்துவிடலாகாது.

ஒன்றுகூடி அவிழ்த்த கட்டு

கடன் என்னும் கட்டை அவிழ்க்கும் முயற்சியும் காஞ்சியிலேயே தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. தனியாளிடம் கைகட்டிக் கடன் பெறாது, தம்முள் சேர்த்த பொருளைத் தமக்குள் கடனாகக் கொள்ளும் வழி அது.

1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதுவே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் நூல் தட்டுப்பாட்டாலும் ஆலைத் துணியின் போட்டியாலும் தறிகள் நின்றபோது, 1952இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. ஆலைத் துணியின் மீது கூடுதல் தீர்வை விதித்து அப்பணத்தைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடும் சட்டம் 1953இல் வந்தது. அக்காலத்தில் காஞ்சியில் நெசவுக் குடியில் பிறந்த அறிஞர் அண்ணாவும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணிகளைத் தம் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர்.

இன்று காஞ்சிபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. சங்க உறுப்பினரான நெசவாளர் பட்டு நூலையும் சரிகையையும் சங்கத்திலிருந்தே பெறுகிறார். நெய்து ஒப்படைத்ததும் வரையறுக்கப்பட்ட கூலியைப் பெறுகிறார். ஆதாயம் வரும் ஆண்டில் போனஸ் உண்டு. சேமிப்புத் திட்டத்தில் கூலியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் நெசவாளர் 8 காசு செலுத்த அரசு 4 காசு சேர்க்கிறது. முதியோர்க்கும் குடும்பத்தினர்க்கும் ஓய்வூதியத் திட்டங்கள் உள்ளன. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு அரசு அளிக்கும் இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் இரு மாதங்களுக்கு 300 அலகாக உயர்ந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. விற்பனை குறைந்து சேலைகள் தேங்கும்போது அடுத்த பாவு வந்து சேரத் தாமதமாகிறது. ஆயினும் தம் தொழிலின் கணக்கைத் தாமே பார்க்கும் நிலை, உத்தம சோழர் காலத்து நெசவாளர் பெற்றிருந்த பொறுப்பை ஓரளவு மீட்டுத் தந்திருக்கிறது.

பெரம்பூரும் அகமதாபாத்தும்

ஆகாரவாரணம் என்னும் அதிசாரத்துக்கும் தமிழக நெசவு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. க. துணை நின்றார். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் தொடக்க முறையீடுகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. கை கழுவி, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய நேரமில்லை, தாமதித்தால் தண்டனை. உணவைப் பறித்தல் மட்டுமன்றி, உண்ணும் நேரத்தைப் பறித்தலும் உணவைத் தடுத்தலே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியபோது அம்முறையீடு நாடு முழுமைக்குமான விதியாயிற்று.

அதே 1918இல் குசராத்தில் நிகழ்ந்தது நம் சமூகத்தினர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு. அனசூயா சாராபாய் 1885இல் அகமதாபாத்தின் செல்வச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் பயில இங்கிலாந்து சென்ற அவர், உயிர்களை அறுத்துப் பயிலும் முறை தம் சமய நெறிக்கு ஒவ்வாது எனக் கண்டு, அப்படிப்பை விட்டு இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். தாயகம் திரும்பிய பின், 36 மணி நேரம் தொடர்ந்து உழைத்துவிட்டுத் தளர்ந்து வரும் ஆலைப் பெண்களைக் கண்டது அவரைத் தொழிலாளர் பக்கம் திருப்பியது. தவளையை அறுக்க மனம் ஒப்பாத அதே அகிம்சை, அப்பெண்களின் சோர்வையும் தாங்க ஒப்பவில்லை.

ஆலை முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அவருடைய உடன்பிறந்த அம்பாலால் சாராபாய். தொழிலாளர் 35 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. தம்பி ஒரு பக்கம், அக்காள் மறுபக்கம். காந்தியடிகள் தொழிலாளர்க்கு வழிகாட்டினார். மார்ச் 15இல் உண்ணாநோன்பு தொடங்கினார். 18இல் உடன்பாடு ஏற்பட்டு வழக்கு நடுவரிடம் சென்றது. நடுவர் இறுதியில் 35 விழுக்காட்டையே வழங்கினார். 1920இல் மஜூர் மகாஜன் என்னும் அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் வெறுக்கவில்லை என்பதும், வழக்கைத் தீர்க்க நடுவரை ஏற்றனர் என்பதும் இவ்வரலாற்றின் அழகு.

இன்றைய தறியும் நாளைய நெசவாளரும்

இன்று காஞ்சி நெசவாளரின் பிள்ளைகளுள் பலர் தறியில் அமர்வதில்லை. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அங்கே நிறுவனப் பேருந்து உண்டு, உணவுக்கூடம் உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு, நோயுற்றால் விடுப்பு உண்டு. வீட்டுத் தறியில் இவை எவையும் இல்லை. வீடே தொழிற்கூடம் என்பதால் வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இல்லை. தார் சுற்றும் மனைவிக்கும், பாவு பிணைக்க உதவும் மூத்தோர்க்கும் தனிக் கூலி பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை; சேலைக்கு ஒரு கூலி, அதில் குடும்பத்தின் உழைப்பு முழுதும் அடக்கம். நெசவாளரின் முதுகும் முழங்காலும் கண்ணும் தேய்வது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நாட்டின் கைத்தறிக் கணக்கெடுப்பு 2009-10இல் 43.31 இலட்சம் தொழிலாளரைக் கண்டது. 2019-20இல் அது 35.22 இலட்சமாகக் குறைந்தது. காஞ்சிப் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது; பெயர் காக்கப்பட்டது. பெயரைத் தாங்கும் கை காக்கப்பட்டால்தான் அக்குறியீட்டுக்குப் பொருள் உண்டு. ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் காலின் சுமையைக் குறைக்க மின்விசைக் கருவி, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு போன்றவை மானியத்தோடு கிடைக்கத் தொடங்கியுள்ளன. இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை மிதிக்கும் காலுக்கு, ஒவ்வொரு மிதியிலும் குறையும் சுமையே அதிபாரம் நீங்குதல்.

நமக்குள்ள கடமை

தமிழ்ச் சமணருள் நெசவுத் தொழில் செய்வோர் மிகச் சிலரே. ஆயினும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம், காஞ்சி வட்டாரங்களில் நிலமுடையோராகவும், கடை நடத்துவோராகவும், பள்ளி நிறுவியோராகவும், அலுவலகங்களில் பலரை மேற்பார்ப்போராகவும் நாம் இருக்கிறோம். நம் வயலில் களை எடுப்பவர், கடையில் பொட்டலம் கட்டுபவர், வீட்டில் பாத்திரம் துலக்குபவர், அலுவலகத்தில் நம் கீழ்ப் பணிபுரிபவர் ஆகிய அனைவரும் நம் சுமையைச் சுமப்பவரே. திருமணத்துக்குப் பட்டு வாங்குகையில் நம் வீட்டாரும் தறியின் ஒரு முனையில் நிற்கிறோம். கைத்தறி முத்திரை பார்த்துச் சங்கத்தில் வாங்குவது, உழைத்தவர் கைக்குக் கூலி சேரும் என்னும் உறுதியை ஓரளவு தரும்.

பிரதிக்கிரமணத்தில் விரதங்களின் அதிசாரங்களை ஒவ்வொன்றாக எண்ணி வருந்துவது நம் மரபு. அவ்வேளையில் அதிபாரம் என்னும் சொல்லில் ஒரு கணம் நிற்போமாக. இன்று ஒருவரிடம் அவர் தாங்கும் அளவுக்கு மேல் வேலை கேட்டோமா? நாம் கொடுத்த முன்பணம் அவர் விலகும் உரிமையைக் கட்டியதா? உண்ணும் வேளையில் அவரை அழைத்தோமா? கடுஞ்சொல்லால் வருத்தினோமா? கூலியை உரிய நாளில் கொடுத்தோமா? உழைப்பவர் நலம் பற்றிய நூல்கள் பல கூறும் வழிமுறைகள் இவ்வைந்து வினாக்களுள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் தீட்டப்பட்ட பகவான் விருஷபதேவரின் வரலாற்றில், அவர் துறவு பூண்ட காரணத்தை நாம் அனைவரும் அறிவோம். அரசவையில் இந்திரன் அனுப்பிய நீலாஞ்சனை நடனமாடினாள். ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்தது. சுவை கெடாதிருக்க இந்திரன் நொடியில் அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். ஆடல் தொடர்ந்தது, அவையோர் ஒருவரும் மாற்றத்தை உணரவில்லை. விருஷபதேவர் மட்டும் கண்டார், நிலையாமையை உணர்ந்தார், அரசைத் துறந்தார்.

இக்கதையை நாம் நிலையாமைக்குச் சான்றாகவே கேட்டு வருகிறோம், அது சரியே. அதனோடு இதனையும் சேர்த்துக் கேட்கலாம். வேலை நின்றுவிடாதபடி ஒருவர் இடத்தில் மற்றொருவரை நிறுத்திவிடுவது இந்திரனுக்கும் எளிது, எந்த முதலாளிக்கும் எளிது. தறி ஓடிக்கொண்டே இருக்கும். கடை திறந்தே இருக்கும். போனவர் யார் என்று அவை கேட்காது. பணி செய்த உயிரைக் கண்டவர் அந்த அவையில் ஒருவரே. அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நமக்காகப் பணிபுரிவோரைக் காணும் கண்ணை இத்திருவிழா நாளில் வேண்டிப் பெறுவோமாக.

வாழ்க அகிம்சை அறம்! வளர்க உழைப்போர் நலம்!